காப்புக் கட்டிய பயணம்

புதிய வாகனம் வாங்கினால், அதை முதலில் கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை செய்வது நம் வழக்கம். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, பல்லவன் சாலையில் எழுந்தருளியிருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதியில் இந்தக் காட்சியை எந்நாளும் காணலாம். சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவற்றை நசுக்கியபடி வண்டியை முன்னே நகர்த்துவார்கள். பயணத்தில் ஆபத்து உண்டு, அதிலிருந்து காப்பு வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் சடங்கு அது.

குழந்தைகளுக்கும் நாம் இப்படித்தான் காப்பு இடுகிறோம். கையில் வசம்பு வளையல், இடுப்பில் அரைஞாண், கன்னத்தில் மைப்பொட்டு. திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சிறு வடிவில் கோத்த ஐம்படைத் தாலியைப் பிள்ளைகளுக்கு அணிவித்த வழக்கம் பழந்தமிழ் நூல்களில் காணப்படுகிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் பத்துப் பருவங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். பெரியாழ்வார் ஒரு தாயாகவே மாறி, கண்ணனுக்கு அந்திக் காப்பிட அழைத்து ஒரு பதிகமே பாடினார். உலகத்தைக் காப்பவனுக்கே காப்பிட்ட மரபு நம்முடையது. அந்த மரபில் வந்த நாம், ஓடும் காரில் குழந்தையை எங்கே அமர்த்த வேண்டும் என்பதையும் சிந்திக்க வேண்டிய காலம் இது. கடந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடிய கதையை, என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் திருவொற்றியூர்வாசிகள். பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பிற்பகுதியை ராயபுரம் கிளையில் கழித்தேன். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூத்த பேத்திக்கு நான்கு வயது முடிந்தபோது, அவளுக்குத் தம்பியும் தங்கையுமாக இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. வடிவுடையம்மன் ஒரே சமயத்தில் இரண்டு வரம் தந்துவிட்டாள் என்று என் மனைவி பூரித்துப் போனாள். ஐந்து பேராக இருந்த குடும்பம் ஏழு பேரானது. ஆனால் எங்களிடம் இருந்ததோ ஐந்து பேர் அமரும் சிறிய கார்.

எங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடி வரும் நாள் மிகவும் விசேஷமானது. அன்று காலையில் மீஞ்சூருக்கு அருகே மேலூரில் திருவுடையம்மனையும், நண்பகலில் திருவொற்றியூரில் வடிவுடையம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மனையும் தரிசிப்பவர்கள் இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி ஆகிய மூவரின் அருளையும் ஒரே நாளில் பெறுவர் என்பது நம்பிக்கை. என் மனைவி திருமணமாகி வந்த நாள் முதல் இயன்ற போதெல்லாம் இந்தத் தரிசனத்தைக் கடைப்பிடித்து வருபவள். இரட்டையருக்கு எட்டு மாதம் நிறைந்திருந்தபோது அப்படி ஒரு நாள் வந்தது. நாங்கள் ஏழு பேரும் அந்தச் சிறிய காரில் நெருங்கி அமர்ந்து மேலூருக்குப் புறப்பட்டோம். மகன் ஓட்டினான். பின்னால் மருமகள் மடியில் பேரனும், என் மனைவி மடியில் பேத்தியும் இருந்தனர்.

மணலி வழியாக மீஞ்சூர் செல்லும் சாலையை அறிந்தவர்களுக்கு அதன் இயல்பைச் சொல்லத் தேவையில்லை. துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் இரவும் பகலும் வரிசைகட்டி ஓடும் சாலை அது. எங்களுக்கு முன்னே சென்ற டிரெய்லர் ஒன்று திடீரென்று நின்றது. மகன் சட்டென்று பிரேக்கை மிதித்தான். கார் எதன்மீதும் மோதவில்லை. ஆனால் சின்னப் பேத்தி பாட்டியின் கையிலிருந்து நழுவி, முன்னிருக்கையின் முதுகில் நெற்றியை மோதிக்கொண்டாள். மீஞ்சூரில் மருத்துவரிடம் காட்டினோம். வெளிவீக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அன்று மாலைக்குள் குழந்தை சிரித்து விளையாடத் தொடங்கிவிட்டாள்.

என் மனைவிதான் தேறவில்லை. அதன்பின் குழந்தைகளைத் தூக்கவே தயங்கினாள். “என் கை நழுவிடுச்சுங்க. எனக்கு வயசாயிடுச்சு. இனிமேல் பிள்ளைங்களை என் கையில் கொடுக்கச் சொல்லாதீங்க” என்று இரவில் சொல்லி அழுதாள். மூன்று குழந்தைகளையும் பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டி, சாம்பிராணி புகை காட்டி வளர்த்த கைகள் அவை. ஆறுதல் வார்த்தைகள் எதுவும் அவளிடம் எடுபடவில்லை. எனக்குத் தெரிந்தது கணக்குதான். ஆகவே காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் அமர்ந்தேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அப்போது காரில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசையோடு முன்னே பாயும். 10 கிலோ எடையுள்ள குழந்தை, தன்னைப் பிடித்திருக்கும் கைகளை 140 கிலோ பாரத்தைப் போல இழுக்கும். கடையில் வாங்கும் 25 கிலோ அரிசி மூட்டையில் ஐந்தரை மூட்டைக்கும் மேல். அந்தப் பாரம் கண் இமைக்கும் நேரத்தில், சொல்லாமல் வருகிறது. அதே வேகத்தை வேறு விதமாகச் சொன்னால், மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுபவர் தரையைத் தொடும்போது அடையும் வேகம் அது.

“துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இளைஞனைக் கொண்டுவந்து உன் இடத்தில் உட்கார வைத்தாலும் அவனால் பிடிக்க முடியாது. அன்றைக்கு நடந்தது வெறும் பிரேக். மோதலாக இருந்திருந்தால் எந்தக் கையாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதில் உன் வயதுக்கும் உன் கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை” என்றேன். அவள் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்படின்னா பிள்ளைங்களை எதுலதான் உட்கார வைக்கிறது?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் தேடல் தொடங்கிற்று.

நம் தலைமுறைக்கு இது புதிய கேள்வி. வாகனங்களோ நமக்குப் புதியவை அல்ல. எங்கள் வடசென்னையே வாகனங்கள் பிறந்த பூமி. 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியிட்டது. அதுவே பின்னர் அசோக் லேலண்டாக வளர்ந்தது. 1955இல் திருவொற்றியூரில் தோன்றிய என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் நாடெங்கும் சென்றன. இன்று காமராஜர் துறைமுகம் என வழங்கும் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து 2010 முதல் புத்தம்புதிய கார்கள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறி வருகின்றன. தந்தை புல்லட் ஓட்ட, டேங்கின்மேல் ஒரு பிள்ளையும், பின்னால் தாயும் கைக்குழந்தையுமாகச் சென்ற குடும்பங்களைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். வாடகை அம்பாசிடரில் பெரியவர் ஆறு பேரும் சிறுவர் ஐந்து பேருமாகத் திருத்தணிக்குப் போய் வந்த நினைவு பலருக்கும் இருக்கும். முன்புறம் ஒரே நீள இருக்கை. அதில் ஓட்டுநரையும் சேர்த்து நால்வர். அந்நாளில் சாலையில் வண்டிகள் குறைவு, வேகமும் குறைவு. இன்றைய சாலையும் வேகமும் வேறு.

காரில் மனிதரைக் காக்கும் முயற்சியும் அதே காலத்தில்தான் முன்னேறிற்று. தோளையும் இடுப்பையும் ஒருசேரப் பிணைக்கும் இன்றைய சீட் பெல்ட்டை, 1959இல் ஸ்வீடனின் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ வழிவிட்டது. அதே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து சாய்ந்து அமர்வதைக் கண்டார். வேகத்தின் தாக்கம் முதுகு முழுவதும் பரவினால் உடல் தாங்கும் என்பதை உணர்ந்து, 1964 வாக்கில் காரின் பின்புறத்தை நோக்கி அமரும் குழந்தை இருக்கையை வடிவமைத்தார். கைக்குழந்தைக்குத் தலை பெரிது; கழுத்து மென்மையானது. முன்னோக்கி அமர்ந்திருந்தால் மோதலின்போது தலை முன்னே வீசப்படும், கழுத்து தாங்காது. பின்னோக்கி அமர்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே ஏந்திக்கொள்ளும். தாயின் கை குழந்தையின் தலைக்குக் கீழே கொடுக்கும் அதே ஆதரவு.

நம் நாட்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இருசக்கர வாகனத்தில் செல்லும் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும் வேண்டும். 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்னும் விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்களும் விலக்கல்லர். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தபோது, பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. விலையுயர்ந்த காரும் பெல்ட் போட்டவரைத்தான் முழுமையாகக் காக்கும்.

இனி எங்கள் தேடலுக்கு வருகிறேன். வங்கியில் இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கான கார் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்திருக்கிறேன். விண்ணப்பிக்க வருபவர்கள் நிறம், மைலேஜ், ராசியான எண், மாதத் தவணை ஆகியவற்றைப் பேசுவார்கள். பின்னிருக்கையின் அகலத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த அகலமே முதல் கேள்வி.

நாங்கள் காரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் குழந்தை இருக்கைகளைத் தேர்ந்தெடுத்தோம். இரட்டையருக்குப் பின்னோக்கி அமரும் இருக்கை இரண்டு. மூத்தவளுக்கு பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் இருக்கை ஒன்று. பூஸ்டரின் வேலை எளியது. காரின் பெல்ட் பெரியவர்களின் உடலை வைத்து அமைத்தது. சிறு பிள்ளைக்கு அது கழுத்திலும் வயிற்றிலும் அழுந்தும். பூஸ்டரில் உயர்த்தி அமர்த்தினால் பெல்ட் தோள் எலும்பிலும் இடுப்பு எலும்பிலும் சரியாகப் படியும். பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளி அரைஞாணும் கொலுசும் செய்ய நானும் மனைவியும் ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்து இந்த மூன்றையும் வாங்கினோம். “இதுவும் அரைஞாண் மாதிரிதான்” என்று அவளே சொன்னாள்.

பிறகு டேப்பை எடுத்து அளந்தேன். ஒவ்வோர் இருக்கையும் 44 செ.மீ. அகலம். மூன்றையும் அடுத்தடுத்து வைக்க 132 செ.மீ. வேண்டும். எங்கள் பழைய காரின் பின்னிருக்கை கதவிலிருந்து கதவு வரை 124 செ.மீ. தான். கடையில் மூன்று பேர் அமரலாம் என்று சொல்லும் இருக்கை, மூன்று குழந்தை இருக்கைகளுக்குப் போதாது என்பது அப்போது விளங்கிற்று. இருக்கையை வைத்த பின் அதன் ஓரத்தில் விரல் நுழைந்து பெல்ட்டின் கொக்கியை மாட்டவும் இடம் வேண்டும். பின்னோக்கிய இருக்கை முன்பக்கமும் நீளும். அதன் முன்னே அமரும் பெரியவரின் முழங்கால் இடிபடக் கூடாது. என் மகன் ஆறடி உயரம்.

இன்னொன்றையும் பார்த்தோம். புதிய கார்களில் குழந்தை இருக்கையை நேரே பூட்டுவதற்கு ஐசோஃபிக்ஸ் என்னும் எஃகு வளையங்கள் இருக்கையின் அடியிலும் முதுகும் கூடும் இடத்தில் இருக்கும். பெல்ட்டால் கட்டுவதைவிட இதில் தவறு நேர வாய்ப்புக் குறைவு. ஆனால் பெரும்பாலான கார்களில் பின்னிருக்கையின் இரு ஓரங்களில்தான் இந்த வளையங்கள் உண்டு, நடுவில் இல்லை. மூன்றாம் வரிசையில் இருப்பதும் அரிது. ஆகவே இரட்டையர் உள்ள வீட்டில், இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களும் அவர்களுக்கே உரியவை.

மூன்று வரிசை கொண்ட கார்களைப் பார்க்கத் தொடங்கினோம். எர்டிகா, ட்ரைபர், காரன்ஸ், இன்னோவா, எக்ஸ்எல்6 எனப் பல உண்டு. இங்கே ஒரு சிக்கல் தலைகாட்டிற்று. ஏழு பேர் அமரும் பல கார்களில் இரண்டாம் வரிசை நீள இருக்கையாக இருக்கும். அதன் ஒரு பகுதியை மடித்துத் தள்ளினால்தான் மூன்றாம் வரிசைக்குப் போக வழி கிடைக்கும். இரு ஓரங்களிலும் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் அதை மடிக்க முடியாது, வழி அடைபட்டுவிடும். பிறகு டிக்கி வழியாக ஏறித்தான் பின்னால் அமர வேண்டும். ஷோரூமில் இருந்த இளைஞர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில், என் மருமகள் கையோடு கொண்டு வந்திருந்த இரண்டு இருக்கைகளையும் பூட்டிவிட்டு, “மாமா, இப்ப நான் எப்படிப் பின்னாடி போறது?” என்று கேட்டாள். அந்த இளைஞரும் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

சில கார்களில் இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் மட்டும் இருக்கும். கேப்டன் இருக்கை என்பார்கள். அவற்றின் நடுவே ஒருவர் நுழைந்து செல்லும் அளவுக்கு இடைவெளி உண்டு. இரட்டையர் இரு பக்கமும் அமர, மருமகளும் மூத்தவளும் நடுவழியே மூன்றாம் வரிசைக்குச் செல்லலாம். மேலும் ஒரு நன்மை எதிர்பாராமல் கிடைத்தது. இரட்டையர் பின்னோக்கி அமர்வதால், மூன்றாம் வரிசையில் இருக்கும் தாயின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் பார்த்தபடியே வருவார்கள். அழுகைக்குப் பாதி மருந்து அதுவே.

நாங்கள் வாங்கியது இத்தகைய கார். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். ஆனால் இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. அந்தக் காரில் ஆறு இருக்கைதான். நாங்கள் ஏழு பேர். மகன் ஓட்ட வேண்டும். இரட்டையர் நடுவில். மருமகளும் மூத்தவளும் பின்னால். மிஞ்சியது முன்னால் ஓர் இடம். முழங்கால் வலி உள்ள என் மனைவி எளிதில் ஏறி இறங்கக்கூடிய இடமும் அது ஒன்றுதான். மகன் தயங்கினான். “அப்பா, ஏழு சீட் வண்டியே எடுத்துடலாம். எப்படியாவது சமாளிச்சுக்கலாம்” என்றான். “எப்படியாவது” என்ற சொல்லை நான் வங்கியில் ஒருபோதும் அனுமதித்ததில்லை. ஆறு இருக்கைக் காருக்கே முன்பணம் கட்டச் சொன்னேன்.

கார் வந்த பிறகு உறவினர்கள் பார்க்க வந்தார்கள். சம்பந்தியம்மாளுக்கு அந்த இருக்கைகள் பிடிக்கவில்லை. “பச்சைப் பிள்ளையைக் குற்றவாளி மாதிரி வாரால் கட்டிப் போடறதா? முடி இறக்கினதும் காது குத்தினதும் தாய்மாமன் மடியிலதானே? மடியைவிடப் பத்திரமான இடம் எது?” என்று கேட்டார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. நம்மில் பலர் கேட்கும் கேள்வியும் அதுதான். நான் காகிதத்தைத் தேடினேன். அதற்குள் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

“மாசி பிரம்மோற்சவத்துல சுவாமியை வாகனத்துல எழுந்தருளப் பண்றதைப் பார்த்திருக்கீங்களா அண்ணி? கயிறு போட்டு எவ்வளவு இறுக்கிக் கட்டுவாங்க! அதுக்கு மேலதான் பட்டும் மாலையும். யாரும் சுவாமியை மடியில வெச்சுக்கிட்டு தேர்ல உட்கார்றதில்லையே. கட்டினாத்தானே வீதியெல்லாம் சுத்தி வந்து பத்திரமா கோயிலுக்குத் திரும்புவார்? மடி வீட்டுல இருக்கு. அது எங்கேயும் போயிடலை.”

சம்பந்தியம்மாள் பதில் பேசவில்லை. சற்று நேரத்தில் தானே பேத்தியின் இருக்கை வாரைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார். திருவொற்றியூர்த் தேரோட்டத்தை அறுபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வாகனத்தில் சுவாமியைக் கட்டும் கயிறும், தேர்ச் சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டையும் பக்திக்குக் குறை என்று எவரும் சொன்னதில்லை. அவை கைங்கரியத்தின் பகுதிகள். முட்டுக்கட்டை இடுபவர் தேரோட்டத்தில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். பேரப்பிள்ளையின் மார்பில் வாரைப் பூட்டுவதும் அத்தகைய கைங்கரியம் என்றே இப்போது எங்கள் வீட்டில் கருதுகிறோம்.

கார் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஷோரூமுக்குப் போகும்போது குழந்தை இருக்கைகளையும், அந்தக் காரில் பயணம் செய்யப்போகும் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். இருக்கைகளைப் பூட்டி, எல்லோரும் ஏறி அமர்ந்து, ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் பாருங்கள். புடவை கட்டிய பெண்மணியும் முழங்கால் வலி உள்ளவரும் சிரமமின்றி ஏற முடிகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வரிசையிலும் தோளைப் பிணைக்கும் முழு பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் திட்டத்தின்கீழ் நம் நாட்டிலேயே கார்களை மோதிச் சோதித்து நட்சத்திரம் வழங்குகிறார்கள். அதில் பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49 மதிப்பெண் எனத் தனித்தனியே உண்டு. பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் இரண்டாவது மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக் குழந்தையின் தலைக்கு நேர்ப் பின்னால் மோதும். காக்க வந்ததே ஆபத்தாகிவிடும். வாரைப் பூட்டிய பின் தோள் பகுதியில் இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்படாவிட்டால் சரியாக இறுகியிருக்கிறது என்று பொருள். கோயிலுக்குத்தானே, நான்கு தெரு தள்ளித்தானே என்று விட்டுவிடக் கூடாது. குழந்தை அழும்போது எடுத்து மடியில் வைக்கச் சொல்லும் முதல் குரல் பெரும்பாலும் தாத்தா பாட்டியின் குரலாகத்தான் இருக்கும். அந்தக் குரல், “வண்டியை ஓரமாக நிறுத்து, பிறகு எடுக்கலாம்” என்று மாறினால் போதும். வீட்டுப் பிள்ளைகள் நம்மைப் பின்பற்றுவார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பௌர்ணமி வந்தது. விடியற்காலையில் அவர்கள் ஆறு பேரும் காரில் புறப்பட்டார்கள். என் மனைவி முன்னிருக்கையில் பட்டுப்புடவையின்மேல் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டாள். பேரப்பிள்ளைகளின் முகம் அவளுக்குத் தெரியாது என்பது மட்டுமே குறை. மகன் ஒரு சிறு கண்ணாடியை அதற்காகப் பொருத்தியிருந்தான். நான் திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினேன். எண்ணூரைத் தாண்டிக் கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் வண்டி செல்லும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பக்கத்தில் சூரியன் எழுந்தது. மீஞ்சூரில் இறங்கி ஆட்டோவில் மேலூர் சென்றேன். டிரெய்லர் நெரிசலில் சிக்கிய அவர்கள் எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

மாலையில் திருமுல்லைவாயிலுக்கும் அப்படியே, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிச் சென்றேன். மூத்த பேத்தி, “தாத்தா மட்டும் ஏன் ட்ரெயின்ல வர்றாங்க? அடுத்த தடவை நானும் வரேன்” என்று அடம் பிடித்தாள். ஓர் இடத்தை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. வயது ஏற ஏற, நமக்குரிய இடத்தைச் சிறிது சிறிதாக அடுத்த தலைமுறைக்கு ஒழித்துக் கொடுப்பதும் ஒரு வழிபாடுதான். வங்கியிலும் அப்படித்தான் ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

கொடியிடையம்மன் சந்நிதிக்கு வெளியே கார் நின்றதும், மகன் இறங்கி வந்து இரண்டு வார்களையும் கழற்றினான். சின்னப் பேத்தி கைகளை நீட்டினாள். என் மனைவி தயங்கவில்லை. குழந்தையை வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு சந்நிதிக்குள் நடந்தாள்.

உங்கள் இல்லத்துக் குழந்தைகள் செல்லும் வழியெல்லாம் மூன்று அம்மன்களும் துணை நிற்க வேண்டுகிறேன். அந்த அருளோடு, நம் கையால் பூட்டும் வாரும் சேர்ந்து அவர்களைக் காக்கட்டும்.